பிளிங்கோ போளைக் கேம் உண்மையா எப்பிடி வேலை செய்யுது? அளவோட விளையாட ஏலுமோ?

மல்லாவிப் பெடியன்:
வணக்கம் அண்ணையாக்கள், அக்காமார். நான் மல்லாவி, வேலை மாங்குளத்தில ஒரு மோட்டச்சைக்கிள் கராஜில. உந்த பிளிங்கோ எண்டு போனில விளையாடுற கேம் தெரியும்தானே, மேல இருந்து ஒரு போளை விழும், ஆணி ஆணியாத் தட்டித் தட்டிக் கீழ வந்து ஒரு பெட்டிக்குள்ள விழும், பெட்டியில எத்தினை எண்டு போட்டிருக்கோ அத்தினை மடங்கு காசு. மத்தியானம் சாப்பிடுற நேரம் கராஜில நிக்கிற பெடியள் எல்லாரும் இதைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள். நானும் போன மாசம் தொடங்கினனான். 8 வரி ஆணி, ஹை றிஸ்க், அதாவது மூலையில பெரிய மடங்கும் நடுவில சல்லியும் வாற வகை, ஒரு போளைக்கு 100 ரூபா. ரெண்டாம் நாளே மூலைப் பெட்டியில விழுந்து 29 மடங்கு, 100 ரூபாவுக்கு 2900 வந்தது, அண்டைக்கு இரவு நித்திரையே வரேல்ல. அதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் கணக்குப் பாத்தா மொத்தமா 11,000 கிட்டப் போட்டிருக்கிறன், மிச்சம் கிடக்கிறது 3000 சொச்சம்.

எனக்குத் தெரிய வேண்டியது என்னெண்டா, அந்தப் போளை உண்மையா ஆணியில பட்டுத்தான் விழுதோ இல்லாட்டி எங்க விழுத்திறது எண்டு முதலே முடிவெடுத்துப் போட்டுத்தான் படம் காட்டுறாங்களோ? 99 வீதம் திரும்பி வரும் எண்டு தளத்தில போட்டுக் கிடக்கு, அப்ப எனக்கு மட்டும் ஏன் முக்கால்வாசி போச்சுது? ஒருத்தன் சொல்லுறான் 10 தரம் நடுவில விழுந்தா அடுத்தது கரைக்குத்தான் போகும் எண்டு, இன்னொருத்தன் தோக்கத் தோக்க இரட்டிப்பாக் கட்டு எண்டுறான். டெலிகிராமில ஒரு குரூப் போளை எங்க விழும் எண்டு முதலே 'சிக்னல்' தாறம் எண்டு 2500 கேக்கினம். ஏசிறவை ஏசுங்கோ, பறவாயில்லை, ஆனா எப்பிடி வேலை செய்யுது எண்டதையும் ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ. அளவோட விளையாடுறது எண்டு ஒண்டு இருக்கோ?

கணக்கு வாத்தி:
தம்பி, நீர் ஒளிக்காமக் கேட்டபடியா நானும் வடிவா எழுதுறன், நீளமா வந்தாக் குறை நினைக்காதையும். நான் கிளிநொச்சியில உயர்தரப் பிள்ளையளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறன். உந்தப் போளைக் கேம் எங்கட பாடத்தில வாற ஈருறுப்பு விரிவேதான்.

இது கசினோக்காரர் கண்டுபிடிச்ச சாமானே இல்லை. 19ஆம் நூற்றாண்டில இங்கிலாந்தில பிரான்சிஸ் கால்டன் எண்டவர் ஒரு பலகையில வரி வரியா ஆணி அடிச்சு மேல இருந்து சின்னக் குண்டுகளைக் கொட்டிக் காட்டினவர். ஒவ்வொரு குண்டும் தன்ரபாட்டில இடம் வலம் எண்டு தட்டுப்பட்டு வந்தாலும் எல்லாம் சேரேக்க நடுவில மலை மாதிரிக் குவியும், கரைக்கு ஒண்டு ரெண்டுதான் போகும். இப்பவும் அதுக்குக் கால்டன் பலகை எண்டுதான் பேர். பிறகு 1983 ஜனவரியில அமெரிக்க ரீவியில 'த பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியில பிளிங்கோ எண்ட பேரோட வந்தது. அங்க விளையாட வாற ஆள் தன்ர பொக்கற்றில இருந்து ஒரு சதமும் கட்டிறேல்லை, பூச்சியத்தில விழுந்தாலும் கையில இருந்து போறது ஒண்டுமில்லை. அதோட அங்க பெரிய காசு நடுப்பெட்டியில, அதுக்கு ரெண்டு பக்கத்திலயும் பூச்சியம். ஒன்லைன்காரர் அதைத் திருப்பிப் போட்டினம்: நடுவில சல்லிக்காசு, மூலையில பெரிய நம்பர், ஏனெண்டா போளை எங்க குவியும் எண்டு அவைக்குத் தெரியும்.

இப்ப ஒரு கொப்பி எடும். 8 வரி எண்டா போளை 8 தரம் ஆணியில படும், ஒவ்வொரு தரமும் இடமோ வலமோ ரெண்டில ஒண்டு. 2 ஐ 8 தரம் பெருக்கினா 256, அப்ப கீழ வாறதுக்கு 256 பாதை. இடப்பக்க மூலைக்குப் போகோணும் எண்டா எட்டுத் தரமும் இடப்பக்கமே விழோணும், அதுக்கு ஒரே ஒரு பாதைதான். நடுவில விழ 4 இடம் 4 வலம் காணும், எந்த ஒழுங்கில வந்தாலும் சரி, அதுக்கு 70 பாதை. ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு எழுதினா 1, 8, 28, 56, 70, 56, 28, 8, 1. பஸ்கால் முக்கோணி எண்டு பள்ளிக்கூடத்தில கீறி இருப்பீர், அதின்ர ஒரு வரி.

ஹை றிஸ்க் 8 வரியில பரவலாப் போடுற மடங்குகள் 29, 4, 1.5, 0.3, 0.2, 0.3, 1.5, 4, 29. பாதையால மடங்கைப் பெருக்கிக் கூட்டிப் பாரும், 253.6 வரும். அதாவது 256 பாதையிலயும் ஒவ்வொரு போளை 100 ரூபாப்படி விழுந்தா 25,600 கட்டி 25,360 திரும்புது. அப்ப 99 வீதம் எண்டது பொய்யில்லை. ஆனா அந்த 25,360 இல 5800 வாறது ரெண்டு மூலையாலயும், ரெண்டே ரெண்டு போளையால. அதைக் கழிச்சா 100 ரூபாவுக்கு 76 ரூபா சொச்சம்தான் மிச்சம். 100 பேர் ஆளுக்கு 100 போளை போட்டா 45, 46 பேர் மூலையைக் கண்ணாலயே காண மாட்டினம், அவைக்கு 99 வீதம் எண்டது ஆற்றையோ காசு. உமக்கு நடந்ததும் அதுதான், ரெண்டாம் நாள் மூலை வந்தது, பிறகு வரேல்ல.

இன்னொண்டு. அந்த 99 நீர் வைப்பிலிட்ட காசுக்கு இல்லை, ஒவ்வொரு போளைக்கும். 5000 ரூபா போட்டா 4950 கையில நிக்கும் எண்டு நினைக்கிறீர், ஆனா வந்த காசையே திருப்பித் திருப்பிக் கட்டுறீர். போளை தன்ரபாட்டில விழுந்துகொண்டிருக்கிற ஓட்டோ பட்டனை அமத்தி ஒரு செக்கனுக்கு ஒரு போளை விட்டா மணித்தியாலத்தில 3600 போளை, 100 ரூபாப்படி 3,60,000 ரூபா கட்டியாச்சு. அதில ஒரு வீதம் 3600 ரூபா. எல்லாத் தளமும் 99 உம் இல்லை, பீகேமிங் கம்பனியின்ர பிளிங்கோவுக்கு 99 எண்டா ஸ்ப்ரைப் கம்பனியின்ரதுக்கு 97. அந்த 97 இல அதே ஒரு மணித்தியாலம் 10,800 ரூபா. ரெண்டு நம்பர் வித்தியாசம் எண்டு பாக்கக் கூடாது, கேம் நடத்திறவனுக்குப் போற பங்கு மூண்டு மடங்கு.

10 தரம் நடுவில விழுந்தா அடுத்தது கரை எண்ட கதையை விடும். போளைக்கு ஞாபகம் இல்லை, பதினோராவது போளையும் முதலாவது மாதிரித்தான். இரட்டிப்புக் கதை அதைவிட மோசம்: 100, 200, 400 எண்டு போனா ஏழாவது தரம் 6400 கட்டோணும், அதுவரைக்கும் கட்டினது மொத்தம் 12,700. உந்தப் பலகையில ஒரு போளை ஒரு மடங்குக்குக் கீழ விழுறது 256 இல 182 பாதை, 100 க்கு 71. ஏழு தரம் தொடர்ந்து அப்பிடி விழுறதுக்கு வாய்ப்பு 100 இல 9. இரவு பூரா விளையாடினா அது ஒருக்காவாவது வந்தே தீரும். வெண்டாலும் அனேகமா 1.5 தான் வரும், ரெண்டு தரமோ அதுக்கு மேலயோ தொடர்ந்து தோத்திருந்தா அது முந்தித் தோத்ததை முழுசா மூடவும் காணாது.

குளக்கட்டு:
வாத்தியார் கணக்குச் சொல்லிப்போட்டார், நான் என்ர கதையைச் சொல்லுறன் தம்பி. முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ எனக்கு 3 ஏக்கர் வயல். போன காலபோகம் நல்ல விளைச்சல், நெல்லு குடுத்து உரக்கடைக் கடன் கட்ட எண்டு காசு வங்கியில கிடந்தது. யானைக் காவலுக்கு இரவிரவாப் பரணில கிடக்கிறது எங்களுக்குப் பழக்கம், அறுவடை முடியும் வரைக்கும் நித்திரை இல்லை, பக்கத்தில ரோச் லைட்டும் வெடியும் போனும்தான். அங்கதான் தொடங்கினது. முதல் 20 ரூபாப் போளை, நேரம் போகோணும் எண்டு.

பிறகு 16 வரி, ஹை றிஸ்க், மூலையில 1000 மடங்கு எண்டு பச்சையாக் கிடக்கும். 500 ரூபா கட்டினா 5 லட்சம் எண்டு கண்ணுக்குள்ள நிக்கும். போளை நேரா இறங்கி வந்து கரைக்குப் போற மாதிரித் திரும்பும், நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பன், கடைசி வரியில திரும்பி உள்ளுக்கு வந்து 0.2 இல விழும். 500 போய் 100 வரும். வந்தவுடன காசு கொட்டுற மாதிரி ஒரு சத்தம் வேற. 400 ரூபா துலைச்சுப்போட்டு வெண்ட மாதிரிச் சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தனான், அது எனக்கு அப்ப விளங்கேல்ல. ஒரு இரவு ஓட்டோவில விட்டுட்டு பின்பக்கம் யானை வந்த சத்தத்துக்கு இறங்கி ஓடினன், வெடி கொளுத்திப் போட்டுத் திரும்பி ஏறிப் பாக்க 40 ஆயிரத்துக்கு மேல போட்டுது. நான் தொடவே இல்லை, அது தன்ரபாட்டில போட்டுக்கொண்டு இருந்திருக்கு.

அதை எடுக்கோணும் எண்டு அடுத்த நாள் 60 ஆயிரம் போச்சு. பிறகு மனிசியின்ர காப்பு அடகுக்குப் போச்சு, அவவுக்கு லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் திருத்தக் காசு வேணும் எண்டு சொன்னனான். எனக்கு இப்பவும் மனசு வருத்திறது காசு இல்லை, அந்தப் பொய்தான். ஏனெண்டா அவ நம்பிக் கழட்டித் தந்தவ. சிறுபோகத்துக்கு விதைநெல்லு கடனுக்குத்தான் எடுத்தனான்.

தம்பி, உம்மட மிச்சம் 3000 ஐ இண்டைக்கே எடுத்துப்போடும். போனைக் கவிட்டு வைக்கிற பழக்கம் வந்திட்டுதோ எண்டு பாரும், வீட்டில ஆரும் பக்கத்தில வந்தா ஸ்கிரீனை மாத்திறீரோ எண்டு பாரும். எனக்கு அதுதான் முதல் அறிகுறி, நான் கவனிக்காம விட்டனான்.

கணக்கு வாத்தி:
அண்ணை, உங்கட 16 வரிப் பலகையை ஒருக்காப் போட்டுப் பாத்தன். 16 வரிக்குப் பாதை 65,536. நடுவில 0.2 எண்டு ஐஞ்சு பெட்டி கிடக்கும், அந்த ஐஞ்சுக்கும் சேர்த்து 51,766 பாதை, அதாவது 100 போளையில 79 அதுக்குள்ளதான். 1000 மடங்குக்கு ரெண்டு மூலைக்கும் சேத்து ரெண்டே ரெண்டு பாதை, 32,768 போளைக்கு ஒண்டு. கடைசி வரியில திரும்பி உள்ளுக்கு வாறது போல தெரியிறதுக்கும் காரணம் இதுதான், கரைக்குப் பக்கத்தில வாற போளையும் பாதிக்குப் பாதி உள்ளுக்குத்தான் திரும்பும். நீங்கள் பொய்யை நினைச்சு வருத்தப்படுறது விளங்குது. நீங்கள் இங்க எழுதினது பெரிய விஷயம்.

வவுனியா கோட்காரன்:
மல்லாவித் தம்பியின்ர முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லுறன், நான் சொப்ட்வெயார் வேலை. ஓம், போளை விழ முன்னமே முடிவு எடுபட்டிட்டுது. நீங்கள் பட்டனை அமத்தின உடன சேர்வரில இடம், வலம், வலம், இடம் எண்டு 8 முடிவும் வந்திடும், பிறகு உங்கட போனில ஓடுறது அந்த முடிவுக்கு ஏத்த மாதிரிப் போளை துள்ளுற ஒரு படம். அதாலதான் போளை மெதுவாப் போனாலோ கெதியாப் போனாலோ, நீங்கள் எந்த நேரத்தில தட்டினாலோ ஒண்டும் மாறாது. உண்மையான பலகையில எங்க இருந்து விடுறம் எண்டதில கொஞ்சமாவது வித்தியாசம் வரும், இதில அதுவும் இல்லை.

அதுக்காக எல்லாமே களவு எண்டும் அர்த்தம் இல்லை. நல்ல மாதிரி நடத்திற தளங்களில ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, வெளியில ஒரு பரிசோதனைக் கம்பனி அந்த எழுந்தமான எண் மெஷினைச் சோதிச்சு சான்றிதழ் குடுக்கும். மற்றது கிரிப்டோ எண்ட இணையக் காசு பாவிக்கிற தளங்களில இருக்கிற 'நிரூபிச்சுக் காட்டுற நேர்மை' முறை. இதை இப்பிடி யோசியுங்கோ: அவை ஒரு இரகசியச் சொல்லை முதலே எழுதி உறையில போட்டு அரக்கு முத்திரை குத்தி உங்களிட்டக் காட்டுவினம், அந்த முத்திரைதான் ஹாஷ். நீங்கள் உங்கட பக்கத்தால இன்னொரு சொல்லுக் குடுப்பீங்கள். ரெண்டும், எத்தினையாவது போளை எண்ட நம்பரும் சேர்ந்துதான் போளையின்ர பாதை வருது. பிறகு நீங்கள் கேக்கேக்க உறையைத் திறந்து காட்டோணும், முத்திரை பொருந்தாட்டி அவை இடையில மாத்தினது பிடிபடும்.

ஆனா இதில ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ. அது நிரூபிக்கிறது உங்களுக்கு எதிரா இடையில மாத்தேல்ல எண்டதை மட்டும்தான். அந்த ஒரு வீதமோ மூண்டு வீதமோ பெட்டியில எழுதின நம்பருக்குள்ளயே கிடக்கு, முழு நேர்மையா நடத்தினாலும் அது அவைக்குத்தான். நேர்மையாத் தோக்கிறதும் தோக்கிறதுதான்.

டெலிகிராம் சிக்னல் எண்டது பச்சைப் பொய். உறை பூட்டிக் கிடக்கேக்க உள்ளுக்கு என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஹாஷில இருந்து திருப்பிக் கண்டுபிடிக்க ஏலாது, அந்த முறையையே அதுக்காகத்தான் பாவிக்கிறது. அவை செய்யிறது என்னெண்டா நூறு பேருக்குச் சிக்னல் அனுப்புவினம், வெண்ட நாலு பேரின்ர ஸ்கிரீன்சொட்டை மட்டும் குரூப்பில போடுவினம். அதோட அவை அனுப்பிற லிங்க் அனேகமாப் போலித் தளம். பெரிய கம்பனியின்ர கேம் மாதிரியே இருக்கும், உள்ளுக்கு ஓடுறது வேற. காசு கட்டாம விளையாடிப் பாக்கிற டெமோவில மூலை மூலையா விழும், காசு கட்டின உடன விழாது. காசை வெளிய எடுக்க வித்ட்ரோ கேட்டா 'வரி' கட்டு எண்டுவினம், கட்டினா 'கணக்கு உறுதிப்படுத்த' இன்னும் கட்டு எண்டுவினம்.

போனஸையும் வாசிக்காமத் தொடாதேங்கோ. 5000 ரூபா போனஸ், 40 தரம் சுத்தோணும் எண்டு சின்ன எழுத்தில கிடந்தா 2 லட்சம் ரூபாவுக்குப் போளை விட்டாத்தான் எடுக்கலாம். 97 வீதக் கேமில 2 லட்சத்துக்கு சராசரி நட்டம் 6000. 5000 தந்துபோட்டு 6000 எடுக்கிற கணக்கு அது.

ஏ9 ரோட்டு:
நானும் விளையாடுறனான், ஒளிக்கேல்ல. லொறி ஓடுறன், வவுனியாவுக்கும் பரந்தனுக்கும் இடையில சாமான் இறக்கக் காத்துக்கொண்டு நிக்கிற நேரத்தில. நான் லோ றிஸ்க் 8 வரிதான், 5.6, 2.1, 1.1, 1, நடுவில 0.5. 10 ரூபாப் போளை. மாசம் 500 ரூபா, முடிஞ்சா அடுத்த மாசம்தான். ரெண்டு வருசமா இப்பிடித்தான், கடன் இல்லை. எல்லாரும் உடன மோசமாப் போயிடுவினம் எண்டு சொல்லவும் ஏலாதுதானே?

கணக்கு வாத்தி:
இல்லை, நீங்கள் சொல்லுறது சரி. லோ றிஸ்க் பலகையையும் போட்டுப் பாத்தன், 256 க்கு 253.4, அதுவும் 99 வீதம்தான், ஆனா நட்டம் வாறது நடுப்பெட்டியில மட்டும், 100 க்கு 27 போளை. மிச்சம் எல்லாம் கட்டின காசோ அதுக்கு மேலயோ வரும். 10 ரூபாப்படி 1000 போளை விட்டாலும் சராசரி நட்டம் 100 ரூபா அளவில, அதாலதான் உங்கட 500 மாசக்கணக்கா நிண்டு பிடிக்குது. உங்களைக் காப்பாத்திறது லோ றிஸ்க் எண்ட பேர் இல்லை, 10 ரூபாவும் 500 எண்ட கோடும். அதே லோ றிஸ்க்கில 1000 ரூபாப்படி ஓட்டோவில விட்டா ஒரு மணித்தியாலத்தில சராசரியா 36,000 போகும்.

சங்கத்து அக்கா:
நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில வேலை. எங்கட மேசைக்கு வாற ஆக்களைப் பாத்து எழுதுறன், தம்பிமார் கோவிக்காதேங்கோ.

முந்தி எங்களிட்டக் கடன் கேட்டு வாறவை ஆடு, தையல் மெஷின், கிணறு இறைக்க மோட்டர் எண்டு காரணம் சொல்லுவினம், காரணம் உண்மையாவும் இருக்கும். இப்ப சில பிள்ளையள் காரணம் சொல்லேக்க கண்ணைப் பாக்காயினம். தாய்மாரின்ர பேரில எடுத்துக் குடுக்கினம். இந்தப் பக்கம் சனம் யுத்தத்தால எல்லாத்தையும் விட்டிட்டு வந்து வெறும் காணியில திருப்பித் தொடங்கினது, நுண்கடன் எண்டு வாராவாரம் வாசலில வந்து நிண்டு வாங்கினதால பெண்கள் பட்டபாடு எங்களுக்குத் தெரியும். அந்தக் கடனுக்கு மேல இந்தக் கடன் வரேக்க தாங்க ஆக்கள் இல்லை. அதாலதான் எனக்கு இதில மனம் பதறுது.

அளவு எண்டு கேட்ட தம்பிக்குச் சொல்லுறன். அளவு எண்டது விளையாடத் தொடங்க முன்னம் வைக்கிறது, இடையில வைக்கிறது அளவே இல்லை. வட்டப்பளைப் பொங்கலுக்குப் போனா வளையம் எறியிற கடையில 200 ரூபா எறிஞ்சுபோட்டு வருவம், சோப்புக் கட்டி கிடைச்சாலும் கிடைக்காட்டிலும் அந்த 200 ஐ நினைச்சு ஆரும் அழுறேல்லை, ஏனெண்டா போகேக்கயே அது போன காசு. அந்த மாதிரி விட்டிட்டு வரக்கூடிய தொகை எவ்வளவோ அதுதான் அளவு. சம்பளக் கணக்கில இருந்து நேரா அட்டையால கட்டிற மாதிரி வைச்சிருக்கக் கூடாது, போனில அட்டை நம்பர் சேமிச்சுக் கிடந்தா அழியுங்கோ, ஒவ்வொரு தரமும் எழும்பிப் போய் அட்டையை எடுத்து நம்பர் அடிக்கிற அந்த ரெண்டு நிமிசத்தில பாதிப் பேருக்கு மனம் மாறும். ஒழுங்கான தளம் எண்டா வைப்பு எல்லை, நேர எல்லை, கணக்கைத் தானாவே பூட்டுற வசதி எல்லாம் இருக்கும், அது இல்லாத தளத்தில ஒரு ரூபாவும் வைக்காதேங்கோ. ஓட்டோ பட்டனைத் தொடவே வேண்டாம், குளக்கட்டு அண்ணை சொன்னது காணும். இரவு படுக்கையில, குடிச்சிருக்கேக்க, வீட்டில சண்டை பிடிச்சுப்போட்டு, தோத்ததை எடுக்கோணும் எண்டு, இந்த நாலு நேரத்திலயும் வேண்டாம். 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளின்ர கையில உங்கட கணக்கு இருக்கவே கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம், இதை ஆரும் எழுதேல்ல. உள்ளூரில 'ஏஜென்ட்' எண்டு சிலர் உங்கட வங்கிக் கணக்கை மாசம் இவ்வளவு தாறம், எங்களுக்குக் காசு வந்துபோகத் தாங்கோ எண்டு கேப்பினம். குடுக்காதேங்கோ. வேற எங்கயோ ஏமாத்துப்பட்ட சனத்தின்ர காசு உங்கட பேரில வந்து போகும், கணக்கு முடக்குப்படேக்க பொலிஸ் தேடி வாறது உங்களைத்தான், ஏஜென்ட்டின்ர போன் அப்ப வேலை செய்யாது. கிரிப்டோ வாங்கிக் கட்டச் சொல்லுறவையும் இருக்கினம், இலங்கையில கிறெடிட், டெபிட் அட்டையால அதுக்குக் காசு கட்ட மத்திய வங்கி விடுறேல்லை, அதாலதான் கைக்குக் கை காசு வாங்கி மாத்திறவையிட்டப் போகச் சொல்லுறது. 2025 இல சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரசபை அமைக்கப் பாராளுமன்றத்தில சட்டம் நிறைவேறினது உண்மை, ஆனா எங்கயோ வெளிநாட்டில பதிஞ்ச தளத்தில மாட்டின காசை எடுத்துத் தரச் சொல்லி மாங்குளத்தில நிண்டு கேக்க ஒரு யன்னல் இல்லை.

கை மீறிப் போட்டுது எண்டு நினைக்கிறவை 1926 க்கு எடுங்கோ, தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். பைத்தியத்துக்குத்தான் அது எண்டு நினைச்சு எடுக்காம இருக்கிறவை கனபேர், அப்பிடி இல்லை. குளக்கட்டு அண்ணை, உங்கட மனிசிக்குச் சொல்லிப்போட்டீங்களோ?

குளக்கட்டு:
சொல்லிப்போட்டன் பிள்ளை. ரெண்டு நாள் கதைக்கேல்ல. மூண்டாம் நாள் அடகு ரசீதை எங்க வைச்சனீங்கள் எண்டு கேட்டவ. இப்ப வங்கி அட்டை அவவிட்டத்தான், நான் கேட்டுத்தான் குடுத்தனான். காப்பு மீட்க இன்னும் ஒரு போகம் போகும்.

மல்லாவிப் பெடியன்:
எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கள் எண்டு நினைக்கேல்ல. ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் வாசிச்சன், குளக்கட்டு அண்ணையின்ரதை மூண்டு தரம்.

நேற்று ஞாயிறு, கராஜ் பூட்டு. வாத்தியார் சொன்ன கணக்குச் சரியோ எண்டு பாக்கோணும் போல இருந்தது, காசு இல்லாம டெமோவில அதே 8 வரி ஹை றிஸ்க் 200 போளை விட்டு கொப்பியில கோடு கோடாப் போட்டன். ஓட்டோ இல்லை, ஒவ்வொண்டாக் கையால. முதல் 100 இல 0.2 க்கு 29 போளை, 0.3 க்கு 42, 1.5 க்கு 23, 4 மடங்குக்கு 6, மூலை ஒண்டும் இல்லை. 100 ரூபாப்படி எண்டா 10,000 கட்டி 7690 திரும்பி இருக்கும். வாத்தியார் மூலை இல்லாட்டி 76 எண்டு எழுதினவர், எனக்கு 77 கிட்ட வந்தது, மயிர் கூச்செறிஞ்சிட்டுது. ரெண்டாவது 100 இல 0.2 க்கு 26, 0.3 க்கு 45, 1.5 க்கு 21, 4 க்கு 7, மூலை ஒண்டு. 10,720. அந்த ஒரு போளை இல்லாட்டி அதுவும் 7820 தான். ரெண்டையும் சேத்தா 20,000 க்கு 18,410.

எனக்கு விளங்கினது என்னெண்டா, அந்த 171 ஆவது போளை மூலையில விழேக்க டெமோ எண்டு தெரிஞ்சும் நெஞ்சு அடிச்சது. ஒரு சதமும் இல்லை, ஆனாலும் அடிச்சது. முதல் மாசம் 2900 வந்த அண்டைக்கும் இதே அடிதான். மற்ற 199 போளையிலயும் எனக்கு எது எங்க விழுந்தது எண்டு கொப்பியைப் பாக்காமச் சொல்லத் தெரியாது, இது மட்டும் எத்தினையாவது எண்டு இப்பவும் ஞாபகம்.

3000 சொச்சத்தை வித்ட்ரோ போட்டிட்டன், இண்டைக்குப் பின்னேரம் வங்கிக்கு வந்து சேந்தது. அட்டை நம்பரை அழிச்சாச்சு, கணக்கையும் ஆறு மாசத்துக்குப் பூட்டிவிட்டன், அதுக்குப் பிறகு விளையாடுறனோ இல்லையோ இப்ப சொல்லத் தெரியேல்ல, அப்பிடி விளையாடினா ஏ9 ரோட்டு அண்ணை மாதிரி 10 ரூபா, 500 க்குள்ள. வீட்டில என்ர அக்காவுக்கும் சொன்னனான், 8000 ஐக் கேட்டு ஏசினவ, பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தவ. கராஜில மற்றப் பெடியளுக்குக் கொப்பியைக் காட்டினன், ரெண்டு பேர் நம்பேல்ல, டெமோ எண்டபடியா அப்பிடி எண்டு சொல்லுறாங்கள்.

கணக்கு வாத்தி:
நம்பாதவைக்கு உண்மையான பலகையைக் காட்டுவம். எனக்குக் கன நாளா ஒண்டு செய்து வகுப்பில வைக்கோணும் எண்டு ஆசை, பிளைவூட் துண்டு பள்ளிக்கூடத்தில கிடக்கு. 8 வரிக்கு 1 இல இருந்து 8 வரைக்கும் கூட்டினா 36 ஆணி. கண்ணாடிப் போளை பெருசாப் போயிடும், துள்ளித் துள்ளி ரெண்டு ஆணியைத் தாண்டிடும். எல்லாம் ஒரே அளவில சின்ன இரும்புக் குண்டு ஒரு 256 கிடைச்சா நல்லம்.

மல்லாவிப் பெடியன்:
சேர், அது என்னட்ட விடுங்கோ. பழைய சைக்கிள் பெயாரிங் குண்டுகள் கராஜில தகரப் பேணி நிறையக் கிடக்கு, ஒருத்தரும் எடுக்கிறேல்லை. மண்ணெண்ணையில கழுவி ஒரே அளவாத் தெரிஞ்சு 256 எண்ணி வைக்கிறன். ஆணிக்குத் துளை போட ட்ரில்லும் கொண்டு வாறன், இடைவெளி எவ்வளவு விடோணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ. சனிக்கிழமை கராஜ் பூட்டினாப் பிறகு நாலு மணி பஸ்ஸில வெளிக்கிடுவன், அந்த நம்பாத ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?

கணக்கு வாத்தி:
கூட்டிக்கொண்டு வாரும். இடைவெளி குண்டின்ர விட்டத்தைவிடக் கொஞ்சம் கூட, ஒரு குண்டை அளந்து மில்லிமீற்றரில எழுதி அனுப்பும், மிச்சத்தை நான் கீறி வைக்கிறன்.